சாவி

தங்கச்சிமடத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே
ஐஸ் லாரியின் பின்புறத்தில் முகத்தைச் செருகி நிற்கிறது
ஏழு நாள் வயதான மின்சாரக் கார்.
இருக்கையின் பாலித்தீன் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை.
உடைந்த பானெட்டில் மீன்தண்ணீர் சொட்டுகிறது.
எஞ்சின் சத்தமில்லை.
சத்தமில்லை என்பதால் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை
இந்தச் சாதி வண்டிகளில்.

எங்கள் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே சாய்த்து நிறுத்தினோம்.
தூக்கத்தில் வரும் ராமேஸ்வரம் பஸ்
இடிப்பதென்றால் முதலில் எங்கள் இரும்பை இடிக்கட்டும்.
களஞ்சியம் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான்.

உள்ளே ஜெனோவா.
முழங்காலுக்கு மேல் அவள், கீழே டேஷ்போர்டு.
"என்னை இழுங்க" என்றாள்.
இழுங்க, இழுங்க என்றது கூட்டமும்.
கடப்பாரையோடு ஒருவர், லாரிக் கயிற்றோடு இருவர்,
செல்போன் வெளிச்சத்தோடு மற்ற எல்லோரும்.

நிலைய அலுவலர் அருளப்பன் கேட்டார்:
"சாவிய எங்கம்மா வச்சிருக்கீக?"

கூட்டத்தில் ஒருவர் கெட்ட வார்த்தை சொன்னார்.

கைப்பைக்குள், பன்ரொட்டிப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது
பல் இல்லாத, துவாரம் தேடாத சாவி.
பக்கத்தில் இருந்தாலே போதும், கார் விழித்துக்கொள்ளும்.
"முத்திருளு, நீ எடுத்துட்டுப் போ.
அந்த உடைமரத்துக்கு அங்கிட்டுப் போய் நில்லு.
போன்ல இந்தக் காரோட படம் கிடைக்குதான்னு பாரு."

ஏன் நான் என்று எனக்குத் தெரியும்.
போன ஆடியில், தேவிபட்டினம் விலக்கில்,
வெடிக்காத காற்றுப்பைக்கு நேராகத் தலையை நீட்டி
ஒருவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன்.
அவனுக்காக வெடிக்க மறந்தது, எனக்காக நினைவு வந்து வெடித்தது.
தாடையில் இரண்டு தகடு.
அன்றிலிருந்து எங்கள் நிலையத்துக் கணக்கு:
பக்கவாட்டுப் பைக்கு அரைச் சாண் தள்ளி,
ஸ்டியரிங்குக்கு ஒரு சாணும் ஒரு விரற்கடையும்,
இடப்பக்கத்துக்கு முழம் தாராளமாக.
அதற்குள் தலை போகக் கூடாது,
தலைவரே ஆனாலும்.

நடந்தேன். மணல், முள், வாடைக்காற்று.
எந்தத் தூணுக்குள் வாயு உருளை,
எந்தப் பக்கம் ஆரஞ்சுக் கம்பி என்று தேடினேன்.
போன் அதிர்ந்தது:
இலங்கைக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம்.
அப்புறம் வெறும் வட்டம், சுற்றிக்கொண்டே.

"படம் வரலே!" என்று கத்தினேன்.
காற்று அதை எங்கே கொண்டுபோனதோ.

தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே மெதுவாக நடக்கிறது.
சின்ன பேட்டரியைக் கழற்றினார்கள்; மினுங்கிய மஞ்சள் விளக்குகள் அணைந்தன.
பிறகு ஒன்றுமே செய்யாமல் நின்றார்கள்.
பத்து நிமிடம்.
கம்பிக்குள் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும் வரை.
அந்தப் பத்து நிமிடத்துக்குத்தான் ஊர் எங்களை ஏசும்.
களஞ்சியம் பின்கதவு வழியே நுழைந்து
அவள் மேல் கம்பளி போர்த்திப் பேசிக்கொண்டே இருந்தான்.
அருளப்பன் தூணின் உள்ளுறையைக் கையாலேயே பிய்த்து
டார்ச் அடித்து உருளையைத் தேடினார்.

வெட்டும் கருவி கத்தத் தொடங்கியது.
பதினைந்து வருடத்துக் கருவி அது.
அப்போதைய கார்களின் இரும்பு அதற்குப் பழக்கம்;
இந்த இரும்பு அதன் வாயைத்தான் சிராய்த்தது.
தூணை விட்டுவிட்டுக் கீலுக்கு மாறினார்கள்.

என் கையில் நான்கு பொத்தான்கள்.
திருநீறு வாங்கியவன்போல உள்ளங்கையை விரித்தே வைத்திருந்தேன்.
என் விரல் மடங்கினால்கூட
அங்கே எதுவும் நடக்கலாம், நடக்காமலும் போகலாம்.
போகலாம் என்பதை நம்பி அவர்கள் கையை உள்ளே விட முடியாது.

கதவு விழுந்த சத்தம் கேட்டது.
ஆம்புலன்ஸ் என்னைக் கடந்து போனது.
லாரி போனது. கூட்டம் கலைந்தது.
யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

வெகுநேரம் கழித்து ஒரு டார்ச் ஆடிக்கொண்டு வந்தது.
"இன்னுமா நிக்கிறீக? போலீசு சாவி கேக்குது."
"கால்?"
"விரலெல்லாம் அசையுது.
அந்தம்மா உங்ககிட்ட ஒன்னு சொல்லச் சொன்னுச்சு."
"என்ன?"
"இன்னொரு சாவி வீட்டுல இருக்காம்."

சிரித்தேன். தாடை வலித்தது.
வாடைக்காலம்.